பதினோராவது வளைவில் வர்க்கி

கோயம்புத்தூரில் யாராவது ஷாக் அப்சார்பரைப் பற்றிப் பேச வாயெடுத்தால், கையில் இருக்கும் காபியை முதலில் குடித்துவிடுங்கள். அவர்கள் முடிப்பதற்குள் ஆறிவிடும். என் கடைக்கு வருகிற வளைவு மன்றத்து ஆட்கள் சூடாகக் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் குடும்பஸ்தர்கள், தொழில் நடத்துகிறவர்கள், பாதிப் பேருக்குச் சர்க்கரை வேறு. ஞாயிறு காலையில் கூகைமலைச் சாலையில் கார் ஓட்டுவதற்காகவே மற்ற நாட்களில் மூச்சு விடுகிறவர்கள். நான் தமயந்தி, சிங்காநல்லூரில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். இவர்கள் சண்டை போட நாற்காலி கொடுப்பதும் நான்தான், சண்டை முடிந்ததும் ஸ்பிரிங் மாற்றிக் கொடுப்பதும் நான்தான்.

சண்டை என்னவோ ஒன்றே ஒன்றுதான். ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டுமா, இளக்கமாக இருக்க வேண்டுமா?

"காரு நம்மகிட்டப் பேசோணும் அம்மிணி" என்பார் செங்கோட்டுவேல். கிரைண்டர் கம்பெனி முதலாளி, மன்றத்துத் தலைவர், எனக்கு வேலண்ணா. "ரோட்டுல ஒரு கல்லு கெடந்தா அது என்ன கல்லுன்னு என்ர முதுகுக்குத் தெரியோணும். அப்பத்தான் வளைவுல எத்தன வெசையில போலாம்னு கணக்குப் போட முடியும்."

"உங்க முதுகு கல்லு ஆராய்ச்சிக்கா இருக்குது?" என்பார் டாக்டர் அருட்செல்வம். டாக்டர் என்றால் நாய், பூனை, மாடு பார்க்கிற டாக்டர். "நம்மூரு ரோட்டுக்கு ஸ்பிரிங் எளக்கமா இருந்தாத்தான் டயரு தார உடாமப் புடிச்சிருக்கும். உங்க வண்டி குழியில எறங்கறதே இல்லீங்க, தாண்டிக் குதிக்குது. காத்துல இருக்கற டயருக்குப் பிரேக்கு எங்கிருந்து வரும்?"

டாக்டர் சொல்வதுதான் சரி. நானும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் பிரேக்கு என்று சொல்லிவிட்டு, வேலண்ணா இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்வார். மனிதர் தங்கமானவர். கம்பெனியில் யார் வீட்டில் காதுகுத்து என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஸ்டீயரிங்கைத் தொட்டால் மட்டும் எட்டு வயசாகிவிடும்.

இந்த லட்சணத்தில்தான் குத்துச்சீட்டு வந்தது.

அரசாங்கம் அதற்கு வேறு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. புதுச் சட்டப்படி காரில் டிரைவர் சீட்டை மாற்றிக்கொண்டு போன வேலண்ணா, அடுத்த நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"அம்மிணி, இந்த எழவச் சித்தக் கழட்டி எறிஞ்சுரு."

"கழட்டினா வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்கண்ணா."

"என்னதான் பண்ணுது அது? காலைல ஒரு பால்காரனத் தாண்டுனேன். கீழ இருந்து ஒதைச்ச மாதிரி இருந்துது."

"எல்லாரு கையிலயும் ஆஸ்பத்திரிப் பட்டை கட்டியிருக்குதில்லீங்க? அது இல்லாம ரேஷனும் இல்ல, பஸ்சும் இல்ல. நீங்க ஒருத்தர ஒட்டி வெசையாப் போனா அவருக்கு நெஞ்சு திடுக்குங்குது. பட்டை அத உங்க வண்டிக்குச் சொல்லிருது. வண்டி அதே அளவு திடுக்க உங்களுக்குத் திருப்பிக் குடுக்குது. சின்னதாப் பயந்தா சின்னக் குத்து, பெருசாப் பயந்தா பெரிய குத்து."

"அவனுக்கு நெஞ்சுலதான? எனக்கு எதுக்கு வாலெலும்புல?"

"சட்டம் போட்டவங்களத்தான் கேக்கோணும். குத்தெல்லாம் கூட்டி ஒரு வருசத்துக்கு ஒரு அளவு வெச்சிருக்காங்க. அது நெறஞ்சுதுன்னா ஆறு மாசத்துக்கு வண்டி நாப்பதத் தாண்டாது."

வேலண்ணாவின் முகம் வெளுத்துவிட்டது. நாற்பதில் ஓட்டுவதற்குப் பதில் காரைக் கோழிக்கூண்டாக்கிவிடலாம் என்றார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "வண்டிக்குள்ள ஒக்காந்துட்டு பொண்டாட்டி பயந்தா?"

"அது கணக்குல வராது. உள்ள இருக்கறவங்க தெரிஞ்சேதான ஏறுனாங்க."

சட்டம் எழுதியவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

எனக்கு அந்தச் சீட்டைப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். திருச்சி ரோட்டில் டவுன் பஸ்கள் முதல் முறையாக மனிதர்களைப் பார்த்து ஓடின. ஸ்கூல் விடும் நேரத்தில் லாரிகள் பூனை மாதிரி போயின. எதிராளியின் பயம் தன் உடம்பில் விழுந்தால் எவ்வளவு பெரிய சூரனும் ஒழுங்காகிவிடுகிறான் என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மன்றத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தென்னை நார் மெத்தை போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர்த் தலையணை போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கிரிக்கெட் பேடைக் கட்டக் கூடாத இடத்தில் கட்டிக்கொண்டு வந்தார். எதைப் போட்டாலும் சீட்டு அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கிக் குத்தியது. எந்த ஸ்பிரிங்காலும் அதைத் தாங்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் குழி ரோட்டில் இல்லை. ரோட்டோரத்தில் நிற்கிற ஆளின் நெஞ்சில் இருந்தது.

எல்லாரையும்விட மோசமான நெஞ்சு மாராத்தாளுடையது. கூகைமலையில் பதினோராவது வளைவில் ஒரு பஸ் ஸ்டாப்பும் ஒரு தண்ணீர்க் குழாயும் மாராத்தாளின் கொய்யாக் கடையும் உண்டு. கடை என்றால் ஒரு கூடையும் ஒரு சாக்கும்தான். ஐம்பது வயசு இருக்கும், வாய் ஓயாது. கார் அந்த வளைவைத் திரும்பினால் அவள் "ஐயோ!" என்று ஒரு குதி குதித்துக் குழாய்க்குப் பின்னால் போய்விடுவாள். அந்தக் குதி அப்படியே வேலண்ணாவின் வாலெலும்புக்கு வரும். வருசம் பாதிகூட முடியவில்லை, அவருடைய கணக்கு முக்காலே மூணு வீசம் நிறைந்துவிட்டது.

வழி கண்டுபிடித்தவர் டாக்டர்தான்.

"தீபாவளிக்கு நாயெல்லாம் கட்டிலுக்கடியில பூந்துக்குமில்ல, அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்றார் ஒரு மாலை, என் கடையில். "ஒரு மாசம் முன்னாடியே வெடிச்சத்தத்தச் சன்னமாப் போட்டுக் காட்டுவோம். போடும்போதெல்லாம் ஒரு பிஸ்கட். நாளாக நாளாகச் சத்தத்தக் கூட்டுவோம். கடைசில வெடி வெடிச்சா நாய் வால ஆட்டிட்டு வந்து கைய நக்கும்."

 வேலண்ணா மேசையில் ஓங்கித் தட்டினார். "ஷாக் அப்சார்பரக் கார்ல மாட்டுனா என்ன, ஆள்மேல மாட்டுனா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த ஞாயிறு பதினோராவது வளைவில் காரை ஓரங்கட்டிவிட்டு டாக்டர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னார். மாராத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க வெசையாப் போவீங்க, நாங்க பயப்படாம நிக்கோணும், அதுக்கு பிஸ்கோத்து. நாங்க என்ன நாய்ங்களா?"

டாக்டர் பாக்கெட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"பிஸ்கோத்தெல்லாம் ஆவாதுங்க. வர்க்கி கொண்டாங்க. நல்ல நெய் வர்க்கி. பஸ்சுக்கு நிக்கறவங்களுக்கும் சேத்து."

அப்படித்தான் வர்க்கி வந்தது, வாயில் வைத்தால் பொரபொரவென்று உதிர்கிற மலைப்பக்கத்து ரொட்டி. ஞாயிறு தோறும் வேலண்ணாவின் நீலக் கார் முதலில் முப்பதில் போகும், ஆளுக்கொரு வர்க்கி. அடுத்த வாரம் நாற்பது. அப்புறம் ஐம்பது. பஸ் ஸ்டாப்பில் ஊரே கூடியது, ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வேலை இல்லாதவர்கள்கூட வந்து நின்றார்கள். மாராத்தாள்தான் வரிசைக்குப் பொறுப்பு. குதித்தவனுக்கு வர்க்கி கிடையாது என்று அவளே ஒரு சட்டம் போட்டாள். கொய்யாவும் நன்றாக விற்றது. மழைக்காலம் வருவதற்குள் வேலண்ணா அங்கிருந்த வேகத்தடைகளைத் தாண்டியதும் எண்பதைப் பிடித்து அந்த வளைவைத் திரும்பினார், சீட்டு வாயைத் திறக்கவில்லை. மாராத்தாள் ஈ ஓட்டிக்கொண்டே கார் பக்கம் கையை நீட்டினாள்.

"பட்டு மாதிரி போச்சு அம்மிணி!" என்று கடைக்கு வந்து சொன்னார். கண்ணில் தண்ணீர். நானும் சந்தோஷப்பட்டேன்.

பட்டைகள் சொல்லும் பயத்தை எல்லாம் மலைச்சாலை வாரியமும் கணக்கெடுக்கும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கே மக்கள் அதிகம் பயப்படுகிறார்களோ அங்கே வேகத்தடை. எங்கே பயப்படவில்லையோ அங்கே எதற்கு? பதினோராவது வளைவு மலையிலேயே பாதுகாப்பான இடம் என்று வாரியம் ஒரு போர்டு வைத்தது. பிறகு இரண்டு வேகத்தடைகளையும் பெயர்த்து வேறு வளைவுக்குக் கொண்டுபோனது. பெயர்த்த இடத்தில் தார் பூசக்கூட இல்லை, கரடுமுரடாக அப்படியே கிடந்தது.

ஒரு மாதம் கழித்து மாராத்தாள் என் கடையைத் தேடிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். வர்க்கி நமுத்துப் போயிருக்கிறது என்று புகார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே நடந்து வந்தாள்.

இந்தப் பக்கம் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தன் வீட்டு வாசலில் நடப்பவள் போலத் திருச்சி ரோட்டில் நடந்தாள். ஒரு டவுன் பஸ் அவள் முந்தானையை உரசிக்கொண்டு போனது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான்தான் கத்தினேன். எனக்கு நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது, அதன் பலனாகச் சுற்றியிருந்த எட்டுப் பத்து வண்டிகள் என் பயத்தில் குத்து வாங்கி நின்றன. டிரைவர்கள் எல்லாரும் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு என்னை முறைத்தார்கள்.

"என்ன அம்மிணி, இப்படிப் பதறுறீங்க?" என்றாள் மாராத்தாள், கடைக்குள் வந்து ஃபேனுக்கடியில் உட்கார்ந்தபடி.

"பஸ் வந்துது, பாக்கலியா?"

"பாத்தனே. வரட்டுமேன்னு வந்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "எந்தம்பி குப்பணனும் அப்படித்தானுங்க நின்னான். போன வாரம் பால்வண்டி பாதத்துமேல ஏறிருச்சு. வலிச்சுதாம். ஆனாப் பயமே இல்லீன்னான்."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். 

அன்று சாயங்காலமே வேலண்ணாவையும் டாக்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். யாருக்கும் காபி கொடுக்கவில்லை.

"குதிக்கறது நின்னா ஒதுங்கறதும் நின்னுபோகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"நாயி வீட்டுக்குள்ள இருக்கும் அம்மிணி. வெடிகிட்ட உடமாட்டோம். நான் அத யோசிக்கல."

"திருப்பி வெச்சுருங்க."

"எத?"

"பயத்த."

டாக்டர் சொன்னார்: "எடுக்கறது சுலுவு. திருப்பி வெக்கறதுக்கு ஒரே வழிதான் இருக்குது. ஒருவாட்டி அடிபடோணும்."

"மாராத்தா செத்துப் போவாங்கண்ணா" என்றேன் வேலண்ணாவிடம். "இன்னிக்கு இல்லீன்னா நாளைக்கு. எவனோ ஒருத்தன் அந்த வளைவுல வேகத்தடை இல்லீன்னு வெசையா வருவான், அவங்க பாத்துட்டே நிப்பாங்க."

"எவனோ ஒருத்தன் ஒழுங்கா ஓட்டலீன்னா நான் என்ன பண்றது?" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இந்த ஞாயித்துக்கெழம குத்தில்லா ஓட்டம் இருக்குது. அடிவாரத்துலருந்து உச்சி வரைக்கும் ஒரு குத்தும் வாங்காமப் போனாத்தான் கெலிப்பு. அது முடியட்டும். திங்கக்கெழம நானே வாரியத்துக்குப் போயி வேகத்தடையத் திரும்பப் போடச் சொல்றேன்."

"அப்ப நானும் வண்டில வர்றேன்."

"எதுக்கு?"

"நான் பயந்தாத்தான் கணக்குல வராதே. ஒக்காந்து பயந்துட்டு வர்றேன்."

ஞாயிறு காலை மலை ஈரமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், வேலண்ணா அழகாக ஓட்டுவார். வளைவுக்கு முன்பே பிரேக்கை விட்டு, மூக்கை உள்ளே திருப்பி, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிலைகொண்டதும் ஆக்சிலேட்டரைத் தொடுவார். சாய்வுகூட அதிகம் தெரியாது, அவ்வளவு இறுக்கம். ஏழாவது வளைவு தாண்டியும் ஒரு குத்தில்லை. ஓரத்தில் யாராவது தெரிந்தால் வேகத்தைக் குறைத்தார். பத்தாவது வளைவு முடிந்ததும் சிரித்தார்.

"அடுத்தது நம்ம பட்டு வளைவு."

குறைக்கவில்லை.

வளைவின் நடுவில், ரோட்டின் நட்டநடுவில், மாராத்தாள் உட்கார்ந்திருந்தாள். கூடை கவிழ்ந்து கொய்யா எல்லாம் உருண்டு கிடந்தது. பொறுக்கிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். நீலக் காரை அடையாளம் தெரிந்தது. முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, கையை நீட்டினாள்.

ஒதுங்கவில்லை.

வேலண்ணா பிரேக்கை மிதித்தார். சரியாக அந்த நேரம் முன்சக்கரங்கள் வேகத்தடை பெயர்த்த இடத்தில் ஏறின. இறுக்கிய ஸ்பிரிங் அதை வாங்கிக்கொள்ளவில்லை, உதைத்தது. டயர் தரையை விட்டது, பிடித்தது, மறுபடியும் விட்டது. காற்றில் இருக்கிற டயருக்குப் பிரேக் எங்கிருந்து வரும்? வண்டி தத்திக்கொண்டே போனது. நான் கத்தினேன். வேலண்ணாவும் கத்தினார், அவர் அம்மாவைக் கூப்பிட்டு. சீட்டு மட்டும் கம்மென்று இருந்தது. அந்த மலையில் பயந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், எங்கள் பயம் கணக்கில் சேராது.

கடைசித் துண்டு நல்ல தார். அது பிடித்து நிறுத்தியது. பம்ப்பர் கூடையைத் தள்ளிக்கொண்டுபோய் அவள் முழங்காலில் தொட்டு நின்றது.

மாராத்தாள் குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"வர்க்கி எங்கீங்க?" என்றாள்.

வேலண்ணா கதவைத் திறந்து இறங்கினார். அங்கேயே ரோட்டில் உட்கார்ந்தார். அழுதார். ஐம்பத்தெட்டு வயசு மனிதர், மன்றத்துத் தலைவர், கொய்யாப் பழங்களுக்கு நடுவே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அவரை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கைத்தாங்கலாகப் பிடித்துச் சாக்கில் உட்கார வைத்தேன்.

அப்போதுதான் மன்றத்தின் மற்ற கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் கார் வளைவில் சீறிக்கொண்டு திரும்பியது. வேலண்ணா "ஐயோ!" என்று ஒரு குதி குதித்துக் குழாய்க்குப் பின்னால் போனார். காருக்குள் இருந்தவர் கூரையில் தலை இடிக்க எழும்பி, வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து போனார். அடுத்த காரும் அப்படியே. அதற்கடுத்ததும்.

டாக்டர் காரை நிறுத்திவிட்டு இடுப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். வேலண்ணாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்: இந்த வளைவில் பயப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை வேலண்ணா சொன்னபடி வாரியத்துக்குப் போனார். அவர்கள் அன்பாகப் பேசி அனுப்பினார்கள். மனுவெல்லாம் செல்லாதாம். ஒரு வருசம் அந்த வளைவில் தொடர்ந்து பயம் பதிவானால் வேகத்தடை தானாக வரும், அதுதான் விதி.

அதனால் மன்றத்துக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு பதினோராவது வளைவில் போய் நின்றார்கள். காரில் அல்ல, பஸ்ஸில் போய். நாட்டிலேயே நின்றுகொண்டு கார் பார்க்கிற ஒரே கார் மன்றம் அதுதான். ஆனால் மனுஷனுக்கு எல்லாம் பழகிவிடுகிறது. டாக்டர் மூன்று வாரம் பயந்தார், அதற்குப் பிறகு லாரி உரசினாலும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தேறிவிட்டார்கள். தேறாதவர் வேலண்ணா ஒருவர்தான். கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டு தினமும் போய் மாராத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சைக்கிள் வேகமாக இறங்கினாலும் வெலவெலத்துப்போனார். அந்த ஒரு நெஞ்சை நம்பித்தான் பஸ் ஸ்டாப்பே நின்றது. என் கடைக்கோ வெளியூர்க்காரர்கள் வந்து, பதினோராவது வளைவில் தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஸ்பிரிங்கை இளக்கிக் கொடுங்கள் என்றார்கள். இளக்கிக் கொடுத்தேன்.

போன வாரம் அவரைப் பார்க்க பஸ்ஸில் போனேன். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கும்போது ஒரு கார் வளைவைத் திரும்பியது. வேலண்ணா வழக்கம்போலக் குதித்தார், கார் வழக்கம்போல அடங்கியது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை. மாராத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசு தாளவில்லை என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. இத்தனை மாதமாகத் தன் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் செத்துப் பிழைக்கிற மனிதர்.

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஒரு வர்க்கியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மொதல்ல அப்படித்தானுங்க இருக்கும்" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஒவ்வொரு வண்டிக்கும் ஒண்ணு தின்னுங்க. போகப்போகப் பழகிரும்."

வேலண்ணா நன்றியோடு அவளைப் பார்த்துவிட்டு அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டில் ஓடினேன்.

"அண்ணா, தின்னுராதீங்க!"